பழுதான கன்சோல்: சர்வீஸ் சென்டரா, லோ யாட் கடையா, புதுசே வாங்கிவிடுவதா?

ஓடாத கேம் கன்சோலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிற எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை நாள் ஆகும், போஸ்?" என்பதுதான். கடைக்காரரும் யோசிக்காமல் "ஒரு வாரம்" என்பார். அது எந்தக் கணக்கு என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வாரம் தாண்டி வாட்ஸ்அப் அனுப்பினால், "பாராங் பெலும் சம்பாய் லா" என்று பதில் வரும். சாமான் இன்னும் வந்து சேரவில்லையாம்.

சாலிடரிங் கைவந்த ஒருவருக்கு எச்.டி.எம்.ஐ. போர்ட்டை மாற்ற ஒரு பிற்பகல் போதும். மற்ற நாளெல்லாம் வரிசையில் போகிறது, சாமான் வரும் வழியில் போகிறது, "இதுதான் கோளாறு" என்று யாராவது உறுதியாகச் சொல்வதில் போகிறது. அதனால் கம்பெனி சர்வீஸ் சென்டரையும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவின் பழுதுபார்க்கும் கடையையும் நாள் கணக்கில் ஒப்பிடுவது வீண் வேலை என்பது என் கட்சி. எது கெட்டிருக்கிறது, அதற்கான சாமான் யார் கையில் இருக்கிறது, உள்ளே இருக்கும் சேவ், அதாவது விளையாட்டில் எட்டிய நிலையின் பதிவு, போனால் பரவாயில்லையா என்று பார்த்தால் இடம் தானாகவே முடிவாகிவிடும்.

கடைக்குப் போகுமுன்

முதலில் கோளாறு கன்சோலில்தானா என்று பாருங்கள். வேறு எச்.டி.எம்.ஐ. கேபிள், டி.வி.யில் வேறு போர்ட், முடிந்தால் பக்கத்து வீட்டு டி.வி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கேபிள் கோளாறுக்கு செக்கிங் சார்ஜ் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் 5-இல் வெள்ளை விளக்கு நிலையாக எரிகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. போர்ட், இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் சிப். மெஷினை அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை, ஏறக்குறைய 7 விநாடி, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். அங்கே படத்தின் ரெசல்யூஷனை மாற்றிப் பார்க்கலாம். நீல விளக்கு கொஞ்ச நேரம் மின்னிவிட்டு அணைந்துபோனால் விஷயம் ஆழமானது. மெயின்போர்டாகவோ முதன்மைச் சிப்பாகவோ இருக்கலாம். எந்த விளக்குமே இல்லை என்றால் பவர் சப்ளையை முதலில் சந்தேகப்படுங்கள். முந்தின நாள் மாலை இடி இடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுங்கள்.

கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னலுக்குப் பஞ்சமே இல்லை. வானம் கறுத்தவுடன் டி.வி. பிளக்கைப் பிடுங்கும் அம்மாக்கள் நம் வீடுகளில் உண்டு, ஆனால் கன்சோலை யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் சுவர் சுவிட்சை மட்டும் அணைப்பார்கள். மோடத்திலிருந்து வரும் லேன் கேபிள் அப்படியே சொருகியிருக்கும், மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வந்துவிடும். அப்படி அடி வாங்கிய செட்டில் பவர் சப்ளையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்க முடியாது. கடைக்காரரிடம் இடி விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரிந்தால் அவர் தேடும் இடமே மாறும்.

நம் ஊர்ப் பழுதுகளில் இன்னொன்று கரப்பான். உள்ளே சூடு, இருட்டு, நுழைய வசதியாகத் துவாரங்கள், வேறு என்ன வேண்டும்? ராத்திரி முழுக்க ஸ்டாண்ட்பையில் கிடக்கும் செட்டுக்குள் கரப்பான் குடும்பமே இருக்கும். சில சமயம் பல்லியும் பவர் சப்ளைக்குள் போய்க் கருகிக் கிடக்கும். பூச்சி, தண்ணீர், இடி இந்த மூன்றும் பெரும்பாலான வாரண்டிகளில் சேராது.

சர்வீஸ் சென்டர்

வாரண்டி உயிரோடு இருக்கிறதா? சரி, அப்படியானால் வேறு யோசனையே வேண்டாம். எவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்தாலும் அங்கேயே கொடுங்கள். தெரிந்த தம்பி ஒருவர் "திறந்து பார்த்துடலாம்ணே" என்பார். அன்பாக மறுத்துவிடுங்கள். செட்டின் மேல் ஒட்டிய சீல் ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டக் கூடாது என 2018-இல் அமெரிக்க வணிக ஆணையம் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகியவற்றை எச்சரித்தது உண்மைதான். அது அந்த நாட்டுச் சட்டம். கோலாலம்பூர் கவுன்டரில் நின்று அதைப் பேசிப் பயனில்லை.

இங்கே உள்ள சிக்கல் வேறு. நீங்கள் வாங்கியது லோக்கல் செட்டா, இறக்குமதி செட்டா? இருநூறு முந்நூறு வெள்ளி குறைவாகக் கிடைத்தது என்று வாங்கிய செட்டுக்குப் பல சமயம் கடை வாரண்டி மட்டும்தான் இருக்கும். கம்பெனி சென்டர் சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அப்போது வாங்கிய கடைக்காரர்தான் கதி. கடை இன்னும் திறந்திருக்க வேண்டும், ரசீதின் மை அழியாமல் இருக்க வேண்டும். கடை ரசீதுகள் வெளுத்துப்போகும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்டரில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காத ஒன்று சேவ் டேட்டா. அங்கே போன செட் எல்லாம் அழிக்கப்பட்டுத் திரும்பி வரலாம், அல்லது அதே மாடலில் வேறொரு செட்டே கைக்கு வரலாம். பழைய போர்டு போனால் அதில் இருந்ததும் போய்விடும். பிளேஸ்டேஷன் 5-இன் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. மெயின்போர்டிலேயே ஒட்டப்பட்டது, கழற்ற வழியில்லை. பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றலாம்தான். ஆனால் அது அந்த மெஷினோடு பூட்டப்பட்டது. வேறு மெஷினில் போட்டால் புதிதாக ஃபார்மட் செய்யச் சொல்லும்.

பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்து, சேவ் கிளவுடுக்குப் போய்க்கொண்டிருந்தால் கவலையே இல்லை. சந்தா இல்லாதவர்களுக்குச் சங்கடம். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் சேவ் பதிவை மட்டும் தனியாக யு.எஸ்.பி.யில் எடுத்துக்கொள்ள சோனி விடுவதில்லை. முழு மெஷினையும் யு.எஸ்.பி. டிரைவுக்கு பேக்கப் எடுக்கலாம், அதற்கு மெஷின் ஓட வேண்டும். ஃபேன் சத்தம் ஏறுகிறது, செட் அடிக்கடி தானாக அணைகிறது என்ற நிலையிலேயே அந்த பேக்கப்பை எடுத்துவிடுவது நல்லது. முழுதாகப் படுத்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

நிண்டெண்டோ சுவிட்ச் கன்சோலிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். மெமரி கார்டில் விளையாட்டு மட்டும் இருக்கும், சேவ் உள் நினைவகத்தில்தான். ஆன்லைன் சந்தா இருந்தால் கிளவுடில் ஏறும், ஆனால் எல்லா விளையாட்டுக்கும் ஏறாது. அனிமல் கிராஸிங் ஆடுகிறவர்கள் தங்கள் தீவின் பேக்கப்பை அந்த விளையாட்டுக்குள்ளேயே தனியாக இயக்கி வைக்க வேண்டும். அக்கா மகளுக்கு அந்தத் தீவு சொந்த வீடு மாதிரி. புதுச் செட் வாங்கித் தருகிறேன் என்றால்கூட அவள் சமாதானம் ஆகமாட்டாள்.

லோ யாட்டும் கொம்தாரும்

வாரண்டி முடிந்த பிறகு ஆட்டம் மாறுகிறது. புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவின் கீழ்த்தளங்களில் மின்னும் புதுச் சாமான்களைத் தாண்டி மேலே ஏறினால், மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏர் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறவர்களைப் பார்க்கலாம். மோனோரயிலிலோ எம்.ஆர்.டி.யிலோ போய்விடுங்கள். காரை எடுத்துப் போனால் பார்க்கிங் காசே ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ஆகும்.

இவர்கள் அதே போர்டைத்தான் சரிசெய்கிறார்கள். அதனால் சேவ் பிழைத்துவிடுகிறது. சந்தா இல்லாமல், வாரண்டியும் இல்லாமல், உள்ளே மூன்று வருஷ விளையாட்டு இருக்கிறது என்றால் கம்பெனி சென்டரைவிட நல்ல கடைதான் உங்களுக்குச் சரி. கம்பெனி என்றாலே பாதுகாப்பு என்ற நம் நினைப்பு இங்கே தலைகீழாகிறது.

ஆனால் எல்லாக் கடையும் எல்லா வேலையும் செய்யாது. எச்.டி.எம்.ஐ. போர்ட், ஃபேன், பவர் சப்ளை, கன்ட்ரோலர் குச்சி, பழைய செட்டில் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஆகியவை தினசரி வேலை. சாமான் டிராயரிலேயே இருக்கும், தைரியமாகக் கொடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5-இன் கூலரைக் கழற்றும் வேலை என்றால் கொஞ்சம் விசாரியுங்கள். அதன் சிப்பின்மேல் சாதாரண பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம் பூசியிருக்கும். அது மின்சாரம் கடத்தும் பொருள். ஒரு துளி பக்கத்தில் சிந்தினால் ஷார்ட். "திரவ உலோகம் எப்படிப் போடுவீங்க, போஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். "பேஸ்ட் போட்டா போதும்" என்று பதில் வந்தால் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

டிஸ்க் டிரைவும் அப்படித்தான். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் டிரைவின் சர்க்யூட் போர்டு மெயின்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. இன்னொரு செட்டிலிருந்து கழற்றிய டிரைவை அப்படியே மாட்டினால் டிஸ்க் படிக்காது. உங்கள் பழைய டிரைவின் சர்க்யூட்டைப் புது டிரைவுக்கு மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். 2023 கடைசியில் வந்த மெலிந்த மாடலில் டிரைவைக் கழற்றி மாட்டலாம், ஆனால் முதல் தடவை இணையத்தோடு இணைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

"ஹீட் அடிச்சா ஓடும்" என்று சொல்லும் கடையில் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். இந்தப் பழக்கம் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலிருந்து வருகிறது. சிவப்பு வளையம் எரிந்து செத்துக்கொண்டிருந்த அந்த மெஷின்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2007-இல் வாரண்டியை 3 வருஷமாக நீட்டியது, அந்தச் செலவுக்கு 100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஒதுக்கியது. அப்போது செட்டைத் துண்டில் சுற்றிச் சூடேற்றியவர்கள்கூட உண்டு. சூடேற்றினால் செத்த சிப் கொஞ்ச நாள் எழுந்து நடக்கும், அப்புறம் மறுபடியும் விழும். கடை கொடுக்கும் ஒரு மாத வாரண்டிக்குள் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பினாங்குக்காரர்களுக்கு கொம்தாரும் பிராங்கின் மாலும் இருக்கின்றன. ஃபோன் கடைகளே அங்கே அதிகம், கன்சோலும் பார்க்கிறவர்கள் உண்டு. அங்கே கேட்க வேண்டிய கூடுதல் கேள்வி, போர்டு வேலையை யார் செய்கிறார்கள் என்பது. வாங்கி வைத்துக்கொண்டு வேறு ஆளுக்கு அனுப்புகிற கடை என்றால், கைக்குக் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் தாமதம் சேரும். யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போகும். எனக்குத் தெரிந்த ஒருவரின் செட் இப்படி ஒரு கடையில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, நாலு ஸ்க்ரூ குறைவாகத் திரும்பி வந்தது. பழுது என்னவோ அப்படியே இருந்தது.

காலண்டரையும் கொஞ்சம் பாருங்கள். பாகங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. சீனப் புத்தாண்டு சமயத்தில் அங்கே தொழிற்சாலை மூடியிருக்கும், இங்கே கடையும் மூடியிருக்கும். அந்தப் பெருநாளுக்குச் சற்று முன் கொடுத்துவிட்டு லீவு முடிவதற்குள் கேட்டால் யாராலும் தர முடியாது. சாமான் கையில் இருக்கிறது என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினால் கொடுங்கள். "ஆர்டர் போடணும்" என்றால் செட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, சாமான் வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். முன்பணம் கொஞ்சம் கேட்பார், கொடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். காத்திருப்பு கடையின் அலமாரியில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. பாதி ஓடுகிற செட் என்றால் அதுவரை ஆடிக்கொண்டும் இருக்கலாம்.

சொந்தக் கை

சுவிட்சின் கன்ட்ரோலரான ஜாய்-கானில், குச்சியைத் தொடாமலே விளையாட்டில் ஆள் தானாக நகர்கிறதா? அதை நானே மாற்றுவேன், உங்களையும் மாற்றச் சொல்வேன். குச்சிக்கு அடியில் இருக்கும் கார்பன் தடம் தேய்ந்துபோவதால் வரும் கோளாறு அது. நிண்டெண்டோவின் தலைவரே 2020-இல் இதற்காக மன்னிப்புக் கேட்டார். ஷோப்பி ஆன்லைன் கடையில் குச்சியும் மூன்று முனை ஸ்க்ரூ டிரைவரும் சேர்த்தே விற்கிறார்கள். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சியாகப் பார்த்து வாங்கினால் தேய்கிற தடமே அதில் கிடையாது. உள்ளே இருக்கும் தட்டை ரிப்பன் கேபிள்களை மட்டும் பொறுமையாகக் கழற்றுங்கள்.

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் அப்படியல்ல. ஒரு குச்சிக்குப் பதினான்கு இடங்களில் ஈயம் உருக்கி எடுக்க வேண்டும். சாலிடரிங் பழகாதவர்கள் கடைக்கே கொடுக்கலாம். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

புதுசு, பழசு

இந்த முடிவைத்தான் பலர் அவசரத்தில் எடுக்கிறார்கள். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது, பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறான், அப்பா வார இறுதியில் புதுசு வாங்கிவிடுகிறார். அடுத்த வாரம் கடைக்காரர் கூப்பிட்டு "சியாப், போஸ்" என்பார். பழைய செட் தயார். இப்போது வீட்டில் இரண்டு மெஷின், இரண்டுக்கும் செலவு.

முதன்மைச் சிப் செத்து, வாரண்டியும் இல்லை என்றால் புதுசு வாங்குவது நியாயம். பழுதுபார்க்கும் செலவு அதே மாடலின் பழைய விலையில் பாதியைத் தொட்டாலும் நான் நிறுத்திவிடுவேன். பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அடிக்கடி இடிக்கும். மெஷினே மலிவாகக் கிடைக்கும்போது போர்டு வேலைக்குக் காசு கொடுப்பது சேவுக்காக மட்டும்தான் இருக்க முடியும். அந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன் 5-இல் ஓடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடா, கரௌசல் போன்ற விற்பனைத் தளங்கள் வழியாகப் பழைய செட் வாங்குவதானால் விற்பவரை மின்சாரமும் வைஃபையும் உள்ள இடத்தில் சந்தியுங்கள். ஆன்லைனில் நுழைகிறதா என்று பாருங்கள். கிராக் செய்ததால் ஆன்லைனில் தடை வாங்கிய சுவிட்ச் கன்சோல்கள் சந்தையில் உலவுகின்றன. டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள்.

செத்த செட்டை விற்கவோ தூக்கிப் போடவோ முடிவு செய்தால், பிளேஸ்டேஷன் கணக்கில் வலைத்தளம் வழியாக நுழைந்து எல்லாச் சாதனங்களையும் நீக்கிவிடுங்கள். 6 மாதத்துக்கு ஒரு முறைதான் அப்படிச் செய்ய முடியும். ஆகவே செட் பிழைக்காது என்று உறுதியான பிறகே அந்தப் பட்டனைத் தொடுங்கள்.

கொடுக்கும்போது

எங்கே கொடுத்தாலும் உள்ளே மாட்டியிருக்கும் டிஸ்க்கை எடுத்துவிடுங்கள். சிக்கிக்கொண்டிருந்தால் ரசீதில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்களாகப் போட்ட கூடுதல் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் எண்ணைப் போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால் மாற்றாததை மாற்றினேன் என்று சொல்ல யோசிப்பார்கள்.

ரசீதில் தேதி, கோளாறு, ஒத்துக்கொண்ட விலை, தருவதாகச் சொன்ன நாள் நான்கையும் எழுதி வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, நாள் பேசாவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் வேலையை முடிக்கும் கடமை கடைக்கு உண்டு. ஆனால் எழுதி வைத்த நாள் இருந்தால் வாதமே தேவைப்படாது. கடைக்காரர் இழுத்தடித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம், தமிழிலேயே பேசலாம். மனு போடப் போகிறேன் என்று கடைக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது ரசீதின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பெரும்பாலும் அந்த வாரமே சாமான் வந்துவிடும்.